ஒரு செம்புத் தண்ணீர்

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றைக்குக் கற்றுக்கொண்ட வார்த்தை: ட்ரை வெயிட்.

எழுதச் சொன்னது ஜெபராணி சிஸ்டர்தான். இந்த டயாலிசிஸ் சென்டரில் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், மல்லாக்கப் படுத்துக் கிடக்க வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது, மெஷின் அதைக் கழுவி இன்னொன்றின் வழியாக உள்ளே அனுப்புகிறது. வலது கைக்கு வேலை இல்லை. "சும்மா இருக்க கையால என்னத்தையாவது எழுதுங்க அண்ணாச்சி. மணி என்ன மணி என்னன்னு என் உசிர வாங்காதீங்க" என்றார். சோடா கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி வீட்டில் வெறுமனே கிடந்தது. கொண்டு வந்துவிட்டேன்.

என் பெயர் தளவாய். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சர்பத் கடை. நன்னாரி சர்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் சொந்த டைரியில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது. ஊருக்கெல்லாம் தாகம் தீர்த்தவனுக்கு இரண்டு சிறுநீரகமும் ஒன்றாகச் சேர்ந்து கடையைச் சாத்திவிட்டன. ஒரு நாளைக்கு நான் குடிக்கலாம் என்று விட்டுவைத்திருப்பது ஒரு சின்னச் செம்புத் தண்ணீர். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் என் மனைவி முப்பிடாதி அதை நிரப்பி, ஒரு தட்டால் மூடி, என் பக்கத்தில் வைக்கிறாள். அதைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால் உடம்பிலேயே தங்குகிறது. காலில் வீங்குகிறது, நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கிறது. அதை மெஷின் இழுத்து இறக்கிய பிறகு மிஞ்சுகிற எடைதான் ட்ரை வெயிட். "அதான் அண்ணாச்சி உங்க நெசமான எடை. மிச்சமெல்லாம் தண்ணி" என்றார் சிஸ்டர். என் நெசமான எடை ரொம்பக் கொஞ்சம்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கிரானிக். என் ஃபைலில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இந்த வார்த்தைதான்.

பக்கத்துப் படுக்கை சுடலைமணி ஆட்டோ ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். "முத்திப்போச்சுன்னு அர்த்தம் வே" என்றார். சிஸ்டரிடம் கேட்டேன்.

"முத்துனதுன்னு இல்ல அண்ணாச்சி. நாள்பட்டதுன்னு அர்த்தம். அக்யூட்னா விருந்தாளி மாதிரி. திடீர்னு வந்து வீட்டை ரெண்டாக்கிட்டுப் போயிரும். கிரானிக்னா வீட்டோட மாப்பிள்ளை. சத்தம் காட்டாது, போகவும் செய்யாது."

சுடலைமணி வீட்டோட மாப்பிள்ளை. அவர் சிரிக்கவில்லை. நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கை அசைந்து, மெஷின் கூவ ஆரம்பித்துவிட்டது. திட்டு எனக்குத்தான் விழுந்தது.

ஏப்ரல் 9, புதன்

கூடுதலாக இரண்டு மடக்கு குடித்தேன். யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 11, வெள்ளி

எடை மெஷினுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மடக்கு என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் கூடவே இருக்கும்.

சிஸ்டர் ஃபைலில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். "நான்-கம்ப்ளையன்ட்" என்று இருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, "சொன்னபடி கேக்காதவர்" என்றார். இதைச் சொல்ல இங்கிலீஷ் வேண்டுமா? எங்கள் அப்பா எனக்கு ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டார். ஆனால் முப்பிடாதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தவள், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்படி என்னங்க செய்யும், தாகம் எடுத்தா? அடக்கவே முடியாதோ?"

கோபத்தில் சொன்னேனா, சொல்ல ஆள் கிடைத்ததே என்று சொன்னேனா தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது, எச்சில் பசையாகிப்போவது, குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டாலே கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்புவது, கடையில் எவனோ தம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது அவன் கையைப் பிடித்துப் பிடுங்கத் தோன்றுவது. கடைசியாக ஒன்று சொன்னேன். "நீயெல்லாம் கடகடன்னு குடிப்பே. உனக்குச் சொன்னா வெளங்காதுட்டி."

தோசைக்கு மாவு இருக்கிறது என்று எழுந்து போனாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விசேஷ நாளானாலும் மெஷினுக்கு லீவு கிடையாது. வந்து படுத்து எழுதுகிறேன்.

காலையிலேயே சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினோம். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ போட்டிருந்தாள். பாயசம் எனக்கு ஒரு கரண்டி. அதையும் என் செம்புக் கணக்கில் கழித்துக்கொண்டாள், ராட்சசி. அவளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். முன்பெல்லாம் அவள் இலைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று எப்போதும் இருக்கும். இன்றைக்கு இல்லை. நான் பார்த்து ஏங்குவேன் என்று எடுத்து வைத்துவிட்டாள் போல. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவள் அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றாள். தொட்டியில் செம்பு மோதுகிற சத்தம் கேட்டது.

பார்க்காமல் போய்க் குடித்துக்கொள்கிறாள். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு என்னவோ போலிருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

நேற்று திருநெல்வேலிக்குப் போய் டாக்டர் செய்யதைப் பார்த்தோம். கிட்னி டாக்டர். நிதானமாகப் பேசுகிறவர். எத்தனை நாளைக்கு மெஷின் என்று கேட்டேன். "மெஷின் ஓட்டும். ஆனா உங்க வயசுக்கு டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கிறதுதான் நல்லது. வீட்டுல யாராவது டோனர் இருக்காங்களா?" என்றார். டோனர் என்றால் கொடுப்பவர் என்று அவரே விளக்கினார்.

கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிற மகள் உலகம்மாள் போன வாரமே போனில் கேட்டாள், "அப்பா, நான் தாரேன்" என்று. நான் போட்ட சத்தத்தில் மூன்று நாள் பேசவில்லை. நேற்று டாக்டர் வாயை மூடுவதற்குள் முப்பிடாதி சொன்னாள்: "எனக்கும் இவுகளுக்கும் ஒரே குரூப்பு சார். கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோசியர் பத்துப் பொருத்தம் பாத்தாரு. இது பதினொண்ணாவது."

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வெளியே வந்தும் சொன்னேன். பஸ்ஸிலும் சொன்னேன். கடையையும் பார்த்து என்னையும் பார்க்கிறவள், அவள் உடம்பைக் கிழித்து எடுத்து நான் வாழ வேண்டுமா? இந்தப் பேச்சே வேண்டாம்.

பொது அறிவுக்காக டாக்டரிடம் ஒன்று கேட்டு வைத்தேன். மாற்றிக்கொண்டவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? "மூணு லிட்டராவது குடிக்கச் சொல்லுவோம். குடிக்கலேன்னாத்தான் திட்டுவோம்" என்றார். காதில் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மே 5, திங்கள்

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் கல்லாவில். முப்பிடாதி கலக்குகிறாள். பஸ் வந்து நிற்க நிற்கக் கூட்டம் இறங்கி வருகிறது. தம்ளரில் நன்னாரிப் பாகு, அதன்மேல் பாதி எலுமிச்சம்பழம், தட்டிப்போட்ட ஐஸ், மேலே பானைத் தண்ணீர். நீளக் கரண்டியால் ஒரு கலக்கு. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் பகல் பூராவும் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக என்னை வெயிலில் கட்டிப்போடலாம். வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்காருங்கள் என்றுதான் அவள் சொல்கிறாள். நான்தான் போகவில்லை. அந்த வாசனையாவது இருக்கட்டும்.

அவள் உதடு வெடித்திருக்கிறது. நெய் தடவு என்றேன். காலையிலிருந்து தலைவலி என்றாள், வெயில் என்றாள். இருக்கும். நின்ற இடத்திலேயே தண்ணீர், ஐஸ், எலுமிச்சம்பழம், எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். அப்படிப்பட்டவளுக்கு வெயில் என்ன செய்துவிடும் என்று மனதில் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

பிறகு ஒன்று சொன்னேன். மத்தியானக் கூட்டம் குறைந்ததும் அவள் கடைக்குப் பின்னால் போனாள். பானையில் செம்பு விழுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். எனக்குப் பொங்கிவிட்டது.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு எதுக்குட்டி குடிக்கே? என் முன்னாலயே குடியேன். நான் என்ன தட்டியா பறிக்கப் போறேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் இன்னொரு தடவை வாயைத் துடைத்தாள். "அடுத்த பஸ் வருது, சில்லறைய எடுத்து வைங்க" என்றாள்.

மே 9, வெள்ளி

இன்றைய வார்த்தை த்ரில். என் இடது கையில் இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து ஊசி போடத் தோதாக ஆக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும். அந்த அதிர்வுதான் த்ரில். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். நின்றுபோனால் உடனே ஓடி வர வேண்டும்.

நான் தொட்டுப் பார்ப்பதே இல்லை. விடிந்ததும் முப்பிடாதி பார்த்துவிடுகிறாள். வாசல் தெளிக்கப் போவதற்கு முன் வந்து, நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, விரலை வைத்துப் பார்ப்பாள். சில நாள் காதை வைத்தும் கேட்பாள். அப்போது அவள் தலைமுடி என் மணிக்கட்டில் விழும். கல்யாணமான புதிதில்கூட இப்படி என்னைத் தேடி வந்து குனிந்தவள் கிடையாது. நான் கண்ணைத் திறப்பதில்லை. திறந்தால் எழுந்து போய்விடுவாள்.

மே 14, புதன்

அவள் ஜெயித்துவிட்டாள். உலகம்மாளைத் தூண்டிவிட்டு, சிஸ்டரைத் தூண்டிவிட்டு, டாக்டரிடம் அவளே போன் போட்டுப் பேசி, எல்லாப் பரிசோதனைக்கும் நாள் வாங்கிவிட்டாள். "பாத்துட்டு வாரதுல என்ன குத்தம்? பாத்தவுடனே அறுத்து எடுத்துருவாகளா?" என்கிறாள். பார்க்கத்தானே என்று விட்டுவிட்டேன்.

நேற்று திருநெல்வேலிக்குப் போனோம். ஒரு நாள் பூராவும் அவளுக்குப் போகிற சிறுநீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இவள் அந்தக் கேனை ஒரு துணியால் சுற்றி, மஞ்சப்பைக்குள் வைத்து, மேலே நாலு கத்தரிக்காயைப் போட்டு மறைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்துச் சீட்டு அம்மாள் "கத்தரிக்காய் என்ன வெல?" என்று கேட்டு, பையைத் திறக்கப் பார்த்ததும் இவள் பட்ட பாடு இருக்கிறதே! நான் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். இவளும் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து.

கேனை வாங்கியவன் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றான்.

இவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் பார்க்கவாம். எனக்கு இது பழைய வார்த்தை. உடம்பு உழைக்க உழைக்கச் சேருகிற ஒரு கழிவு. நல்ல சிறுநீரகம் அதைப் பெருக்கி வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் ரத்தத்திலேயே கூடிக்கொண்டு போகும். ஆஸ்பத்திரியில் எங்களைப் போல டயாலிசிஸ் ஆட்கள் பார்த்துக்கொண்டால் ஊரைக் கேட்பதில்லை, பேரைக் கேட்பதில்லை. கிரியாட்டினின் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

வந்ததும் கடைக் காலண்டரில் முடிவு வரும் தேதியைப் பார்த்து வைத்தேன். வேறு காரணமாகத்தான் பார்த்தேன்.

மே 19, திங்கள்

முடிவு வந்துவிட்டது. அவளுடையதை எடுக்க முடியாதாம்.

சனிக்கிழமை டாக்டர் செய்யது பேப்பரை இரண்டு தடவை படித்தார். "கிரியாட்டினின் இருக்க வேண்டியதைவிடக் கூட இருக்கே. யூரினும் ரொம்பக் கம்மி, ரொம்ப அடர்த்தி. தண்ணியெல்லாம் நல்லாக் குடிப்பீங்களா அம்மா?" என்றார். இவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "குடிப்பேன் சார். சர்பத் கடையில தண்ணிக்கா பஞ்சம்?" என்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இப்போதைக்கு டெஃபர் பண்ணுவோம் என்றார். இவள் சிறுநீரகத்திலேயே ஏதும் கோளாறு இருக்கிறதா என்று இன்னும் சில பரிசோதனைகள் செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

டெஃபர் என்றால் தள்ளி வைப்பது, தள்ளிவிடுவது அல்ல என்று இன்றைக்கு சிஸ்டர் சொல்கிறார். எல்லாம் ஒன்றுதான்.

நான் முதலிலிருந்தே வேண்டாம் என்றவன். நல்லதாகப் போயிற்று என்றுதான் எழுத வேண்டும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. குடிக்கக் கிடைக்காத தண்ணீர் அழுவதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. நான் ஆசைப்பட்டிருக்கிறேன். மூன்று லிட்டர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, தினமும், விடியும்போது, அவள் என் கையில் காதை வைத்துக் கேட்கும்போது, ஆசைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். வாயால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு.

இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கும் இந்த வியாதி இருந்தால்? ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு செம்பா?

மே 23, வெள்ளி

புதன்கிழமை நடந்ததை எழுத அன்றைக்குக் கை வரவில்லை.

நான் மெஷினில் இருந்தேன். முப்பிடாதி கடையை அடைத்துவிட்டு வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நான் பார்த்தேன். எழுந்து ஓட முடியவில்லை. இரண்டு ஊசியும் கையில், ரத்தமெல்லாம் குழாயில். "ஏட்டி, முப்பிடாதி" என்று கத்தத்தான் முடிந்தது. சுடலைமணியும் கத்தினார். சிஸ்டரும் இன்னொருவரும் அவளைத் தூக்கி அடுத்த கட்டிலில் போட்டுத் திரையை இழுத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான்.

சிஸ்டர் குரல் கேட்டது. "கையக் காட்டுங்க அக்கா. இந்தா, தோலக் கிள்ளி விட்டா அப்படியே நிக்கு. நாக்க நீட்டுங்க. ஏ அம்மா, பாளமா வெடிச்சிருக்கே! இது டீஹைட்ரேஷன். உடம்புல தண்ணியே இல்ல. என்னக்கா, தண்ணி குடிக்கீங்களா இல்லையா?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட சொல்லுங்க. அண்ணாச்சிக்குக் கேக்காது."

நன்றாகக் கேட்டது.

"எப்படிக்கா குடிக்க?" என்றாள் முப்பிடாதி. அழுகிறாளா என்று தெரியவில்லை, குரல் வறண்டு கிடந்தது. "அவுக ஒரு செம்புல ஒரு நாளை ஓட்டுதாக. மூடி வச்ச செம்பையே பாத்துக்கிட்டு இருக்காக. அன்னைக்கு எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னாக. அதுக்கப்புறம் எனக்கு எறங்க மாட்டங்கு. வாயில ஊத்துனா அவுக மொகந்தான் வருது. கொப்பளிச்சுத் துப்பிருதேன். அவுகளுக்கு ஒரு செம்புன்னா எனக்கும் ஒரு செம்பு போதும்னு இருந்தேன். அதுல என்ன தப்பு? எத்தனை பேரு விரதம் இருக்காக."

"டாக்டர் கேட்டப்ப ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"அவுக பக்கத்துல உக்காந்திருந்தாகல்லா. எப்படிச் சொல்ல?"

அடுக்களையில் நான் கேட்ட சத்தம், கடைக்குப் பின்னால் கேட்ட சத்தம், எல்லாம் அவள் கொப்பளித்துத் துப்பிய சத்தம். தண்ணீரைக் கொட்டிக் கலக்கி ஊருக்கெல்லாம் நீட்டிக்கொண்டு, அக்கினி வெயிலில், என் பக்கத்திலேயே நின்று காய்ந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு பைத்தியக்காரி உண்டா என்று வந்தது. திரையைக் கிழித்துக்கொண்டு போய் ஓங்கி ஒன்று கொடுக்கலாமா, காலில் விழலாமா என்று தெரியாமல் படுத்துக் கிடந்தேன். என் பக்கத்தில் சுடலைமணி மூக்கை உறிஞ்சினார்.

அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிஸ்டர் உடனே டாக்டர் செய்யதுக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு வந்து ஒரு புது வார்த்தை சொன்னார். ப்ரீ ரீனல். "கிட்னிக்கு முன்னாடி உள்ள கோளாறுன்னு அர்த்தம் அண்ணாச்சி. கிட்னி நல்லாவே இருக்கலாம். அதுக்கு வார தண்ணிதான் பத்தல. வாய்க்கால்ல தண்ணி வரலேன்னா வயலக் குத்தம் சொல்ல முடியுமா? மூணு வாரம் ஒழுங்காக் குடிக்கட்டும், மறுபடி பாப்போம்னு டாக்டர் சொல்லுதாரு."

"அப்பவும் அந்தக் கிரியாட்டினின் எறங்கலேன்னா?" என்றேன்.

"அப்ப உண்மையிலேயே கோளாறுன்னு பாக்கணும். மொதல்ல குடிக்க வைங்க. அது உங்க பொறுப்பு."

என் வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

மே 26, திங்கள்

குடிக்க மாட்டேன் என்கிறாள்.

முடியாது என்று வாயால் சொல்வதில்லை. அடுக்களைக்குள் போய்க் குடித்துவிட்டேன் என்கிறாள். துப்பியிருக்கிறாளா, தொட்டி ஈரமாக இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறேன். இருக்கிறது. போலீஸ்காரன் வேலை எனக்கு.

நேற்று கடையில் பொறுமை போய்விட்டது. செங்கோட்டை பஸ் கூட்டம் போனதும் நான் கல்லாவை விட்டு எழுந்தேன். சர்பத் கலக்குகிற பக்கம் வந்து ரொம்ப நாளாயிற்று. பாகு குறைவாக, எலுமிச்சை அரைப் பழம், ஐஸ் இரண்டு துண்டு, பானைத் தண்ணீர் நிறைய. கலக்கிக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன்.

"அங்ஙன வைங்க, குடிக்கேன்."

"வைக்க மாட்டேன். இப்பக் குடி."

வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"என்னப் பாத்துக் குடிட்டி."

"என்னால முடியாதுங்க. நீங்க அந்தப் பக்கம் போங்க."

"நான் போ மாட்டேன். நீ குடிக்கதை நான் பாக்கணும். கண்ணாலயாவது நான் குடிச்சிக்கிடுதேன். அதையும் ஏன் கெடுக்கே?"

அவள் திரும்பினாள். தம்ளரை உதட்டில் வைத்தாள். ஒரு மடக்கு. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. புரை ஏறி, இருமி, கண்ணில் நீர் தளும்பி, பிறகு இன்னொரு மடக்கு. அழுதுகொண்டே முழுவதையும் குடித்தாள். எலுமிச்சங்கொட்டையை நாக்கில் ஒதுக்கி வெளியே துப்பினாள். நான் நின்று பார்த்தேன். பொறாமையாக இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவள் கடைசிச் சொட்டை இறக்கியபோது எனக்குள்ளே எங்கேயோ ஒரு இடம் நனைந்த மாதிரியும் இருந்தது.

"பாகு கம்மி" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. சர்பத்தில் என்னைக் குறை சொன்ன முதல் ஆள்.

மே 30, வெள்ளி

குடிக்கிறாள். நான் பார்க்கிறேன். வாடிக்கைக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

அவள் உதடு ஆறிவிட்டது. தலைவலி என்று சொல்லி ஒரு வாரமாகிறது. காலையில் என் கையில் விரலை வைத்தவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தூங்குகிற மாதிரி நடித்தது போதும் என்று தோன்றியது. அவள் திடுக்கிட்டாள். பிறகு கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடுதா?" என்றேன்.

"ஓடுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பரிசோதிக்கப் போகிறோம். எனக்கு அவளுடைய சிறுநீரகம் வேண்டும். இந்தத் தடவை எழுதிவிடுகிறேன். எனக்கு வேண்டும். அதற்கும் முன்னால் அது அவளுக்கு நல்லபடியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தடவையாகக் கேட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று முடிவு.

டாக்டர் செய்யது இந்தத் தடவை பேப்பரை ஒரே தடவைதான் படித்தார். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னார். நார்மல். அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை மாதமாக எத்தனையோ வார்த்தை கற்றேன், வாயில் நுழையாததையெல்லாம் நுழைத்தேன். இந்த ஒன்றுக்காகத்தான் அத்தனையும் என்று தோன்றியது. இன்னும் ஒரு ரத்தப் பொருத்தம் பார்க்க வேண்டும், அனுமதி கொடுக்கிற ஒரு கமிட்டி முன்னால் இரண்டு பேரும் போய் உட்கார வேண்டும், பிறகு தேதி கொடுப்பேன் என்றார். முப்பிடாதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சார், இவுக கேக்க மாட்டாக, நான் கேக்கேன். மூணு லிட்டருன்னு சொன்னீயளே, அது நெசந்தானா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

புது பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். உள்ளே அனல். அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, என்னைப் பார்த்துக்கொண்டே பாதியைக் குடித்தாள். எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மூடியைத் திருகியபடி சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இனிமே நீங்க குடிக்கப்போற தண்ணியெல்லாம் என் வழியாத்தான் போவணும். ஏறுக்கு மாறாப் பேசுனா அடைச்சிருவேன்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன். என்னுடைய நேற்றைய செம்பு மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.

"தாகமா இருக்குட்டி" என்றேன்.

வழக்கமாக இப்படிச் சொன்னால் அவள் முகம் சுருங்கும். நேற்று சுருங்கவில்லை. பாட்டிலைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். அந்தத் தாகத்தப் பத்திரமா வச்சிருங்க, மூணு லிட்டருக்கு வேணும்" என்றாள்.